ஆடுவதற்கு ஓர் இடம்: நியூயார்க்கின் லத்தீன் நடனக்கூடங்கள்

நியூயார்க் நகரத்தில் லத்தீன் நடனம் ஆட எங்கே போகலாம் என்று ஒருவர் கேட்டால், அந்த வாரத்து நிகழ்ச்சிப் பட்டியலைப் புரட்டி நாலைந்து முகவரிகளைச் சொல்லிவிடலாம். இதே கேள்வியை 1930-இலும் 1950-இலும் 1975-இலும் 1990-இலும் கேட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்நகரத்தில் யார் எங்கே குடியிருக்க முடிந்தது, எந்த நிறத்தவருக்கு எந்த வாசல் திறந்தது, எந்த வாத்தியத்தை இசை என்றும் எதை இரைச்சல் என்றும் அரசு பிரித்தது என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருப்பது தெரியும். அந்த இடங்களைக் காலவரிசையில் பின்தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லத்தீன் நடனம் என்ற சொல்லை முதலில் கொஞ்சம் விளக்கிவிடுவது நல்லது. ரும்பா, மாம்போ, சா சா சா, பச்சாங்கா, சல்சா என்று நாம் கேள்விப்படும் பெயர்களில் பெரும்பாலானவற்றின் வேர் கியூபாவில் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும், அவர்களை ஆண்ட ஸ்பானியர்களின் பாட்டும் ஜோடி நடனமும் பல தலைமுறைகள் கலந்து உருவானவை அவை. இவற்றுக்கு அடிப்படை 'கிளாவே' என்னும் தாளக்கட்டு. இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகள், எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்குள் மூன்றும் இரண்டுமாகவோ இரண்டும் மூன்றுமாகவோ பிரிந்து, பாட்டு முடியும்வரை மாறாமல் திரும்பத் திரும்ப வரும். தொடையில் தாளம் போட்டபடி கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு, மாறாத ஒரு சுற்றின்மேல் மற்ற எல்லாமே ஏறி அமர்கின்றன என்ற கருத்து அந்நியமானதல்ல.

*

1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரின் முடிவில் அமெரிக்காவின் கைக்கு வந்த தீவுகளுள் ஒன்று புவெர்ட்டோ ரிக்கோ. 1917-இல் அத்தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. நியூயார்க்கில் வந்து குடியேற அவர்களுக்குக் கப்பல் கட்டணம் இருந்தால் போதும் என்றாயிற்று. அதே ஆண்டு, கறுப்பின வீரர்களைக் கொண்ட நியூயார்க் படைப்பிரிவு ஒன்றின் வாத்தியக்குழுவுக்கு ஆள் சேர்ப்பதற்காக ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற இசைக்கலைஞர் புவெர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்றார். அங்கு சேர்ந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பாடலாசிரியர் ரஃபேல் எர்னாண்டஸ். இப்படி வந்து சேர்ந்த தீவு மக்கள் கிழக்கு ஹார்லெமில், அதுவரை யூதர்களும் இத்தாலியர்களும் நிறைந்திருந்த தெருக்களில், குடியேறினார்கள். அப்பகுதிக்கு 'எல் பாரியோ' என்ற பெயர் வந்தது. ஸ்பானிய மொழியில் 'பேட்டை' என்று பொருள்.

1930 ஏப்ரலில் ஹவானாவிலிருந்து வந்த டான் அஸ்பியாசுவின் வாத்தியக்குழு பிராட்வேயின் பேலஸ் அரங்கில் 'எல் மனிசேரோ' என்ற பாடலை வாசித்தது. தெருவில் வேர்க்கடலை விற்பவனின் கூவலை ஒட்டி அமைந்த பாடல் அது. அதைத் தொடர்ந்து அமெரிக்க நகரங்களில் ரும்பா மோகம் பரவியது. பணக்கார வெள்ளையர்கள் அதை ஆடியது நட்சத்திர விடுதிகளில். பார்க் அவென்யூவில் உள்ள வால்டார்ஃப் அஸ்டோரியாவில் சேவியர் குகாட்டின் குழு, விருந்தினர்களின் காதுக்கு இதமாக, தோல்வாத்தியங்களை அடக்கி வாசித்தது. அங்கிருந்து சுமார் மூன்று மைல் வடக்கே, ஐந்தாம் அவென்யூவும் 110-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த பார்க் பேலஸ் கூடத்தில் தையல்கூடத் தொழிலாளர்களும் கப்பலாட்களும் பாத்திரம் கழுவுபவர்களும் ஆடினார்கள். 1930-களில் நம் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. எந்தப் பதில் உங்களுக்கு உரியது என்பதை உங்கள் தோலின் நிறமும் சட்டைப்பையும் தீர்மானித்தன.

இந்தப் பிரிவினை அக்காலத்து நியூயார்க்குக்குப் புதிதல்ல. ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்பில் மேடையில் ஆடுபவர்கள் கறுப்பர்கள்; நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் வெள்ளையர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட முடிந்த சவாய் நடனக்கூடம் அதே ஹார்லெமில் 1926-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே நகர நிர்வாகம் காபரே சட்டம் என்று அறியப்பட்ட ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. உணவோ பானமோ விற்கும் இடத்தில் மக்கள் ஆட வேண்டுமென்றால் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஹார்லெமின் ஜாஸ் விடுதிகளில் இரு நிறத்தவரும் கலந்து பழகுவதைக் கட்டுப்படுத்துவதே அதன் உள்நோக்கம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 1940 முதல் 1967 வரை, மது விற்கும் விடுதியில் வாசிக்கும் கலைஞர்களே கைரேகை கொடுத்துக் காவல்துறையிடம் அட்டை வாங்க வேண்டியிருந்தது. பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் போன்ற மேதைகள் அட்டை பறிக்கப்பட்டுத் தங்கள் சொந்த ஊரின் விடுதிகளில் வாசிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள்.

*

மாரியோ பௌசா என்ற கறுப்பினக் கியூபர் 1930-இல் நியூயார்க்கில் வந்து தங்கினார். டிரம்பெட் கலைஞரான அவர் சவாய் கூடத்தில் சிக் வெப்பின் ஜாஸ் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். கியூபத் தாளத்தின்மேல் ஹார்லெமின் பித்தளை வாத்தியங்களை ஏற்றிவைத்தால் என்னவாகும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 1940-இல் அவருடைய மைத்துனர் மச்சீட்டோ தொடங்கிய குழு அந்த எண்ணத்துக்கு வடிவம் தந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஆஃப்ரோ கியூபன்ஸ்'. ஆப்பிரிக்க வேரை மறைப்பதே வியாபார நியதியாக இருந்த நாட்களில், அதைப் பெயரிலேயே அறிவித்தது அந்தக் குழு. 1943-இல் அவர்கள் உருவாக்கிய 'டாங்கா' என்ற ஆக்கத்தைக் கியூப இசையும் ஜாஸும் முழுமையாக இணைந்த முதல் படைப்பாகக் கருதுவோர் உண்டு.

இதற்கிடையில் கியூபாவில் மாம்போ உருவாகிக்கொண்டிருந்தது. 1938-இல் ஓரெஸ்டெஸ் லோப்பஸ், கச்சாவோ சகோதரர்கள் அந்நாட்டின் பழைய தான்சோன் நடன இசையின் கடைசிப் பகுதியைத் தாளக்கட்டு மிகுந்ததாக மாற்றினார்கள். 1949 வாக்கில் பெரஸ் பிராடோ மெக்சிகோவிலிருந்து வெளியிட்ட இசைத்தட்டுகள் மாம்போ என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. ஆனால் மாம்போவை ஆடுவதற்கு ஒரு நிரந்தர இடம் அமைந்தது நியூயார்க்கில்தான்.

பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், மாடியில் இருந்தது பல்லேடியம் நடனக்கூடம். 1940-களின் நடுப்பகுதியில் அல்மா என்ற பெயரில் நடனப் பயிற்சிக்கூடமாகத் தொடங்கப்பட்ட அந்த இடத்துக்குக் கூட்டம் வரவில்லை. வாடகை கட்ட வேண்டும். தளமோ காலியாகக் கிடக்கிறது. அப்போதுதான் ஃபெடரிகோ பகானி என்ற லத்தீன் நிகழ்ச்சி அமைப்பாளரை அழைத்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் லத்தீன் இசை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். கறுப்பர்களையும் புவெர்ட்டோ ரிக்கர்களையும் பிராட்வேக்கு வரவழைத்தால் வெள்ளை வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்ற தயக்கம் இருந்தது. கூடம் நிரம்பியதைப் பார்த்ததும் தயக்கம் மறைந்தது. 1940-களின் இறுதிக்குள் பல்லேடியம் முழுக்க முழுக்க லத்தீன் நடனத்துக்கான இடமாக மாறிவிட்டது. வெறிச்சோடிய கூடத்தின் கல்லாப்பெட்டிதான் அந்தக் கதவைத் திறந்தது. கொள்கைப் பிடிப்பு எதுவும் அதற்குப் பின்னால் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்கள் யார் என்பது முக்கியம். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நியூயார்க்கில் ஏறத்தாழ 61 ஆயிரம் புவெர்ட்டோ ரிக்கர்கள் இருந்தார்கள். 1960-இல் அந்த எண்ணிக்கை ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தது. தீவின் விவசாயம் சரிந்ததும், போருக்குப்பின் மலிவாகக் கிடைத்த விமானப் பயணமும் இதற்குக் காரணங்கள். வார நாட்களில் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உணவக அடுக்களைகளிலும் உழைத்த இவர்களுடைய பிள்ளைகள், வார இறுதியில் இஸ்திரி போட்ட உடுப்போடு பல்லேடியத்தின் படியேறினார்கள்.

மேடையில் மூன்று குழுக்கள் போட்டியிட்டன: மச்சீட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகஸ். ஹார்லெமில் பிறந்த புவென்டே இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றியவர். போர் வீரர்களுக்கான அரசு உதவியைக் கொண்டு ஜூலியார்டு இசைப்பள்ளியில் படித்தவர். விளம்பரப் பலகையில் யார் பெயர் மேலே வருவது என்பதில் புவென்டேக்கும் ரோட்ரிகஸுக்கும் இருந்த பிணக்கு அக்காலத்தில் ஊரறிந்த ஒன்று. தெருவின் ஒரு முனை தள்ளி, 52-ஆம் தெருவருகே இருந்தது புகழ்பெற்ற ஜாஸ் விடுதியான பேர்ட்லாண்ட். அங்கே வாசிக்க வந்த ஜாஸ் கலைஞர்கள் இடைவேளையில் பல்லேடியத்துக்கு வந்து காங்காவையும் டிம்பாலையும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

தளத்தில் ஆடியவர்களும் மேடையில் இருந்தவர்களுக்கு இணையாகப் பெயர் பெற்றார்கள். 'கியூபன் பீட்' என்று அழைக்கப்பட்ட பெட்ரோ அகிலார் உண்மையில் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அவருடைய ஜோடியான மில்லி டோனே இத்தாலிய வம்சாவளிப் பெண். புதன்கிழமை மாலைகளில் 'கில்லர் ஜோ' என்ற ஜோ பிரோ புதியவர்களுக்கு மாம்போ கற்றுத் தந்தார். அவரும் இத்தாலிய அமெரிக்கரே. யூதர்களும் இத்தாலியர்களும் மார்லன் பிராண்டோ போன்ற நடிகர்களும் கூடும் நாள் புதன். வெள்ளியும் சனியும் பெரும்பாலும் புவெர்ட்டோ ரிக்கர்களுக்கும் பிற லத்தீன் மக்களுக்கும் உரியவை. ஞாயிறன்று கறுப்பின மக்கள் மிகுதியாக வந்தார்கள்.

பல்லேடியத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவர்கள் அதை இனபேதமற்ற சொர்க்கமாகச் சித்திரிப்பதுண்டு. அப்படிச் சொல்லும்போது இந்தக் கிழமைக் கணக்கை மறந்துவிடக்கூடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென்று ஒரு நாள் இருந்தது. இருந்தாலும், மற்றவர் நாளில் படியேறி வந்தவரை யாரும் தடுக்கவில்லை. தளத்தில் ஒருவரை அளந்தது அவருடைய ஆட்டம்தான். பள்ளிகளில் நிறவேற்றுமை சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதைத் தடைசெய்த சட்டங்கள் பல மாநிலங்களில் 1967 வரை நீடித்தன. அந்த நாட்டில், அந்த ஆண்டுகளில், நகரத்தின் நடுத்தெருவில் ஒரு கூடத்தில் எல்லா நிறத்தவரும் கைகோத்து ஆடியது சிறிய செய்தியல்ல.

*

1961-இல் காவல்துறை போதைப்பொருள் சோதனை நடத்தியதைத் தொடர்ந்து பல்லேடியம் தன் மது உரிமத்தை இழந்தது. மது விற்காமல் அவ்வளவு பெரிய கூடத்துக்கு வாடகை கட்ட இயலாது. சில ஆண்டுகள் தள்ளாடி, 1966-இல் அது மூடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் வேறு பல மாற்றங்களும் நிகழ்ந்துவிட்டன. ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கலைஞர்கள் விருப்பம்போல் போய்வந்த காலம் கியூபப் புரட்சியோடு முடிந்தது. 1962-இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடை, புதிய தாளங்கள் வந்துகொண்டிருந்த வாய்க்காலை அடைத்துவிட்டது. இனி நியூயார்க் தன் சரக்கைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படி உருவானதுதான் பின்னர் சல்சா என்று பெயர் பெற்றது. 'சல்சா' என்றால் ஸ்பானிய மொழியில் தொட்டுக்கொள்ளும் சாறு. பழைய கியூப வடிவங்களை எடுத்து, புவெர்ட்டோ ரிக்கத் தாளங்களையும் ஜாஸையும் தெருவின் முரட்டுத்தனத்தையும் கலந்து இளைஞர்கள் வாசித்தார்கள். எட்டி பால்மியேரி டிரம்பெட்டுகளுக்குப் பதில் டிராம்போன்களை முன்னிறுத்தினார், ஒலி கனத்தது. டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜானி பச்சேகோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964-இல் ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1971 ஆகஸ்டு 26 அன்று மன்ஹாட்டனின் சீட்டா கூடத்தில் ஃபானியா கலைஞர்கள் நடத்திய நிகழ்ச்சி படமாக்கப்பட்டு மறு ஆண்டு வெளிவந்தது. 1973-இல் பிராங்க்ஸில் உள்ள யாங்கீ விளையாட்டரங்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு, இசை உச்சமடைந்தபோது வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஆடுவதற்கு அவர்களுக்கு அவ்வளவு பெரிய தளம் வேறெங்கும் இருக்கவில்லை என்றும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஏனெனில் அதே ஆண்டுகளில்தான் அவர்களுடைய பேட்டைகள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருந்தன. ராபர்ட் மோசஸ் என்ற நிர்வாகி பிராங்க்ஸின் குறுக்கே நெடுஞ்சாலை அமைத்தார். அவரைப் பற்றி ராபர்ட் காரோ 1974-இல் எழுதிய பெருநூல் தரும் கணக்கின்படி, கிழக்கு ட்ரெமாண்டில் ஒரு மைல் நீளத்துக்கு மட்டும் 1,500-க்கும் அதிகமான குடும்பங்கள் வீடிழந்தன. 1970-களில் தென் பிராங்க்ஸின் குடியிருப்புகள் தெருத்தெருவாகத் தீக்கிரையாயின. வீட்டுக்காரர்கள் கைவிட்டார்கள், நகராட்சி தீயணைப்பு நிலையங்களை மூடியது. சதர்ன் புலவார்டில் இருந்த ஹன்ட்ஸ் பாயின்ட் பேலஸ் போன்ற கூடங்கள் தங்கள் கூட்டத்தை இழந்தன.

மன்ஹாட்டனின் மேற்கில் சான் ஹுவான் ஹில் என்ற பகுதியில் கறுப்பர்களும் புவெர்ட்டோ ரிக்கர்களும் பெருமளவில் வாழ்ந்தார்கள். பாழடைந்த குடியிருப்புகளை அகற்றுதல் என்ற பெயரில் 1950-களின் இறுதியில் அப்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் ஏழாயிரம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்கே எழுந்ததுதான் லிங்கன் மையம் என்னும் கலை வளாகம். அதன் திறந்தவெளியில் 1989 முதல் கோடைகால இரவுகளில் பொதுமக்கள் ஆடுவதற்குத் தளம் அமைத்தார்கள்; பெரிய லத்தீன் குழுக்களும் அங்கு வாசித்தன. வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளில் சிலரேனும் தங்கள் பெற்றோர் வாழ்ந்த மண்ணில் சீட்டு வாங்கிக்கொண்டு ஆடியிருக்கக்கூடும்.

வீடும் கூடமும் போனபின் மிச்சமிருந்தவர்கள் தாமே இடம் உண்டாக்கிக்கொண்டார்கள். எரிந்த கட்டடங்கள் நின்ற காலி மனைகளில் பலகைகளைச் சேர்த்து, தீவில் விட்டுவந்த வீடுகளைப் போலச் சிறு குடில்கள் கட்டினார்கள். அவற்றுக்கு 'காசிட்டா' என்று பெயர். தென் பிராங்க்ஸில் சேமா சோட்டோ என்பவர் 1970-களில் தொடங்கிய ரின்கோன் கிரியோயோ அவற்றுள் புகழ்பெற்றது. பாம்பா, பிளேனா என்னும் புவெர்ட்டோ ரிக்க நடனங்களை அங்கே ஒரு புதிய தலைமுறை கற்றுக்கொண்டது. கோடைக்கால ஞாயிறுகளில் ஆர்ச்சர்டு கடற்கரையில் சல்சா ஆடும் வழக்கமும் வேரூன்றியது. 1930-களில் அந்தக் கடற்கரையை அமைத்தவரும் அதே ராபர்ட் மோசஸ்தான்.

*

எல்லோருக்கும் அப்படி இடம் கிடைத்துவிடவில்லை. 1990 மார்ச் 25 அதிகாலையில், பிராங்க்ஸின் சதர்ன் புலவார்டில் இருந்த ஹேப்பி லாண்ட் என்ற உரிமமற்ற மன்றத்தில் தீ வைக்கப்பட்டது. உள்ளே கொண்டாட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் 87 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களுள் பலர் கரீஃபுனா என்னும் ஆப்பிரிக்க–கரீபிய இனத்தவர். அங்கு வேலை செய்த பெண்ணொருத்தியோடு சண்டையிட்டு வெளியேற்றப்பட்ட ஒருவன் வாசலில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். நெருப்பிலிருந்து தப்ப முறையான வழி இல்லை. நீர் தெளிக்கும் கருவி இல்லை. இந்தக் குறைகளுக்காக 1988-இலேயே அந்த இடத்தைக் காலி செய்ய நகராட்சி ஆணையிட்டிருந்தது. ஆணை தாளில் இருந்தது, மன்றம் நடந்துகொண்டிருந்தது.

குற்றவாளி தண்டனை பெற்றான். ஆனால் இவ்வளவு பேர் ஏன் அங்கே போய் ஆட வேண்டியிருந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. புதிதாக வந்த ஏழைக் குடியேறிகளுக்கு அவர்கள் மொழி பேசும், அவர்கள் பாட்டைப் போடும், அவர்களால் நுழைவுக் கட்டணம் கொடுக்க முடிந்த இடங்கள் இப்படிப்பட்டவையாகவே இருந்தன. ஆடுவதற்கென்று உரிமம் பெறுவது செலவும் அலைச்சலும் நிறைந்த காரியம். சிறிய இடங்கள் அதற்கு முயலாமல் மறைவாகவே இயங்கின. மறைவாக இயங்கும் இடத்துக்கு அவசர வழி அமைக்கச் சொல்லி யாரும் போய் நிற்க முடியாது. பாதுகாப்பு விதிகள் அவசியம் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. நெருப்பைப் பற்றிய விதியையும் ஆட்டத்தைப் பற்றிய விதியையும் ஒன்றாகப் பிணைத்துவைத்ததுதான் கோளாறு என்பது என் எண்ணம்.

காபரே சட்டத்தின் ஒரு பகுதி இங்கே குறிப்பிடத்தக்கது. உரிமமில்லாத விடுதியில் மூன்று பேர் வரை வாசிக்கலாம் என்ற விலக்கு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் தந்தி வாத்தியங்களுக்கும் பியானோ போன்றவற்றுக்கும் மட்டுமே அந்த விலக்கு. ஊதும் வாத்தியங்களும் தோல்வாத்தியங்களும் கூடாது. வயலினுக்கு இடமுண்டு, காங்காவுக்கு இல்லை! 1980-களின் பிற்பகுதியில் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ரத்து செய்தது. ஆட்டத்துக்கான தடை மட்டும் நீடித்தது. 1990-களில் அது மீண்டும் தீவிரமாக அமல்படுத்தப்பட்டது. மதுக்கூடங்களில் 'ஆடக்கூடாது' என்ற அறிவிப்புப் பலகைகள் தொங்கின.

*

கூடங்கள் மறைந்தபோது அவற்றில் ஆடப்பட்ட ஆட்டம் எப்படிப் பிழைத்தது? இதற்கு விடை 86-ஆம் தெருவில் இருந்த கோர்சோ என்ற இடத்தில் கிடைக்கிறது. பல்லேடியம் மூடப்பட்டபின் அங்கே ஆடியவர்களில் பலர் கோர்சோவுக்கு வந்தார்கள். கிழக்கு ஹார்லெமில் வளர்ந்த எட்டி டோரஸ் என்ற இளைஞர் அவர்களுடைய கால்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்களுக்குத் தாங்கள் எந்தத் தட்டில் அடி வைக்கிறோம் என்று சொல்லத் தெரியாது. ஆடத் தெரியும், அவ்வளவுதான். ஜூன் லபெர்ட்டா என்ற நடன ஆசிரியையின் துணையோடு டோரஸ் அதை எண்ணிக்கைக்குள் கொண்டுவந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து, ஆறு, ஏழு. இதில் உடல் திசை மாறுவது இரண்டிலும் ஆறிலும். காங்காவின் ஓங்கிய அடி விழுவது இரண்டாம் தட்டில் என்பதால் ஆடுபவரின் கால் மேளத்தோடு இணைகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பாணியில் முதல் தட்டில் திரும்புவார்கள். அது பாட்டின் ஓட்டத்தோடு செல்லும். நியூயார்க் பாணி மேளத்தோடு செல்லும்.

டிட்டோ புவென்டேயின் குழுவோடு பல ஆண்டுகள் மேடையில் ஆடிய டோரஸ், இந்த முறையை ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுத் தந்தார். இன்று டோக்கியோவிலோ மிலானிலோ ஒருவர் 'இரண்டில்' ஆடுகிறார் என்றால், 53-ஆம் தெருவில் இல்லாமல் போன ஒரு கூடத்தின் தளம் அவர் காலடியில் இருக்கிறது என்று சொல்வதில் மிகையில்லை. எழுதிவைக்கப்படாத ஒரு கலை, பார்த்துக் கற்ற ஒருவரின் எண்ணிக்கையால் தப்பித்துக்கொண்டது.

காபரே சட்டம் கடைசியில் 2017-இல் நீக்கப்பட்டது. அப்போது அந்நகரில் இருந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் ஆடுவதற்கு உரிமம் பெற்றவை நூற்றுக்கும் குறைவு. மண்டல விதிகளில் ஒளிந்திருந்த நடனத் தடைகள் 2024-இல் தளர்த்தப்பட்டன. ஆக, 98 ஆண்டுகளுக்குப்பின் நியூயார்க்கில் ஒருவர் இரவுணவை முடித்துவிட்டு எழுந்து ஆடுவது ஏறக்குறையச் சட்டபூர்வமான செயலாகிவிட்டது.

எனவே சட்டம் விட்டுவிட்டது, வாடகைதான் விடவில்லை. புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் முன்பு புவெர்ட்டோ ரிக்கர்களின் சமூக மன்றங்கள் பல இருந்தன. நிலத்தின் விலை ஏற ஏற அவை மூடப்பட்டன. மரியா அன்டோனியா காய் என்பவர் 1970-களில் தொடங்கிய 'தோனியீட்டாஸ்' என்னும் மன்றம் தாக்குப்பிடித்தது. முக்கியமான காரணம், கட்டடம் அவருக்கே சொந்தம். 2025-இல் வெளிவந்த பேட் பன்னியின் இசைத்தொகுப்பில் அம்மையாரின் பெயர் ஒரு பாடலில் இடம்பெற்றது. அதன்பிறகு உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் அந்தச் சிறிய அறையைத் தேடி வருகிறார்கள்.

லத்தீன் நடனம் ஆட நியூயார்க்கில் எங்கே போகலாம் என்று கேட்பவருக்கு இன்று நிறையப் பதில்கள் உண்டு. வாடகைக்கு எடுத்த பயிற்சிக்கூடங்கள், கோடையில் கடற்கரை, பூங்காக்கள், லிங்கன் மையத்தின் முற்றம். மச்சீட்டோவும் இரண்டு டிட்டோக்களும் ஒரே இரவில் வாசித்த அந்த மாடிக்கூடம் மட்டும் இல்லை. அப்படி ஒன்று மீண்டும் வரவேண்டுமென்றால் கலைஞர்களுக்கோ ஆடுபவர்களுக்கோ அங்கே பஞ்சமில்லை. காலியாகக் கிடக்கும் ஒரு பெரிய தளமும், அதற்குக் கட்டுப்படியாகும் ஒரு வாடகையும்தான் தேவை. 1940-களில் பிராட்வேயிலேயே கிடைத்த அந்த இரண்டும் இப்போது அந்நகரில் எங்குமே எளிதில் கிடைப்பதில்லை.